இளைஞர்களோடு வேலை செய்ய வருகிறவர்களுக்கு: பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

நான் முதன்முதலாக நடத்திய இளைஞர் கூட்டம் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சமுதாயக்கூடத்தில் நடந்தது. தலைப்பு ஆளுமை மேம்பாடு. முந்தின வாரம்தான் நான்கு நாள் பயிற்சிக்குப் போய், சான்றிதழும் தடியான ஒரு ஃபைலுமாக வந்திருந்தேன். ஃபைலில் இருந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும் என்ற வேகம். காலை பத்தேகாலுக்குத் தொடங்கிப் பன்னிரண்டே முக்கால் வரை பேசினேன். "கேள்வி இருந்தா கேளுங்க" என்றதும் கடைசி வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். எனக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, இங்கயே சாப்பாடா, இல்ல வீட்டுக்குப் போயிட்டு வரணுமா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். அந்த இரண்டரை மணி நேரத்தில் அவர்களைப் பற்றிப் பேசப்பட்ட ஒரே விஷயமும் அதுதான். நான் போய்வந்த பயிற்சியில் குறை இல்லை. அதற்கு முன்பு ஒரு கூட்டத்தைக்கூட நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. அதனால் பயிற்சியில் யாரிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியாமல், சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

புதிதாக வருகிறவர்கள் இப்போது என்னிடம் முதலில் கேட்பது "எந்த கோர்ஸ் படிக்கலாம்?" என்பதைத்தான். கோர்ஸ் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது வரிசையில் ஐந்தாவதாக வர வேண்டியது என்பது என் கட்சி. கையில் ஒரு கேள்வியோடு போகிறவருக்குத்தான் பயிற்சி பிடிபடும். தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகவோ, கல்லூரியில் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலராகவோ, ஊர் இளைஞர் மன்றத்துக்குப் பொறுப்பாளராகவோ தமிழ்நாட்டில் வேலையைத் தொடங்குகிறவர் முதல் ஒரு வருடத்தை எப்படி அடுக்கிக்கொள்ளலாம் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் வயதுக் கணக்கு

"இளைஞர்" என்பதற்கு ஒரே வரையறை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது. ஐ.நா. புள்ளிவிவரங்களில் இளைஞர் என்றால் 15 முதல் 24. இந்தியாவின் 2014-ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கையில் 15 முதல் 29. அதற்கு முந்தைய 2003 கொள்கையில் 13 முதல் 35 வரை நீண்டிருந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கூட்டத்துக்கு வரும் 16 வயதுப் பெண் கொள்கைப்படி இளைஞர், சட்டப்படி குழந்தை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 23 வயது அண்ணன் பெரியவர். இரண்டு பேரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, இரவு பத்து மணிக்கு மேல் பேசவிட்டு, ஒரே ஹாலில் தங்கவைத்து முகாம் நடத்துகிற நிறுவனங்கள் இருக்கின்றன. தப்பான எண்ணத்தில் செய்வதில்லை, யோசிக்காமல் செய்வது. வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் வயதுக்கு ஒரு கட்டம் போடுங்கள். 18-க்குக் கீழே எத்தனை பேர் என்பது எப்போதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த படி முழுவதும் அவர்களைப் பற்றியது.

2. கூட்டம் போடுவதற்கு முன் சட்டம்

இதைப் படிக்காமல் ஒரு கூட்டம்கூட நடத்தாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான்; ஆணா பெண்ணா என்ற பேதம் இல்லை. பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, தெரிந்தவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை. "நிரூபிக்க முடியாமல் போனால் நம் தலை உருளுமே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் வராது என்று அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது. விசாரித்து உறுதிப்படுத்துவது போலீஸ் வேலை, நம் வேலை கிடையாது.

நடைமுறையில் இது எங்கே இடிக்கும் தெரியுமா? ஒரு பெண் உங்களிடம் வந்து, "அக்கா, ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்பாள். சத்தியம் பண்ணிவிடுவோம், பாசத்தில். அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டபின் சத்தியத்தையும் காப்பாற்ற முடியாது, சட்டத்தையும் மீற முடியாது. அதனால் முதல் கூட்டத்திலேயே, எல்லோர் முன்பும், நான் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: "இங்க பேசுறத நான் வெளிய பேச மாட்டேன். ஆனா உங்கள்ல யாருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லியே ஆகணும். அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." இதைச் சொன்னால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். என் அனுபவம் அதற்கு நேர்மாறு. வரம்பு எதுவென்று தெரிந்த பிறகுதான் நிறையப் பேர் வந்தார்கள்.

சொல்ல வந்தால் குறுக்கே கேள்வி கேட்காதீர்கள். எங்கே, எப்படி, ஏன் போனாய் என்று துருவக் கூடாது. அவள் சொன்ன சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே நிறுவனத்தில் பொறுப்பானவரிடம் சொல்லிவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். வழி தெரியாமல் திகைத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதை முன்கூட்டியே அவளுக்கு எடுத்துச் சொன்னால் பாதி பயம் இறங்கும். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசி முடிப்பது என்று யாராவது ஆரம்பித்தால், அதில் நீங்கள் உட்காரவே கூடாது.

இன்னொன்று, போட்டோ. கூட்டம் முடிந்ததும் ஸ்டேட்டஸில் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 74-ஆம் பிரிவே இருக்கிறது. யார் எந்தப் பின்னணியில் இருந்து வருகிறார்கள் என்பது உங்களுக்கு எல்லா நேரமும் தெரியாது. ரிப்போர்ட்டுக்குப் படம் வேண்டும் என்றால் கைகளையும், சார்ட்டையும், முதுகுப் பக்கத்தையும் எடுங்கள்.

இலங்கையில் இருந்து படிக்கிறவர்களுக்கு: உங்கள் சட்டங்கள் வேறு, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றம்தான் அங்கே இளைஞர் கழகங்களுக்குத் தலைவாசல்.

3. மூன்று கூட்டங்களை வெறுமனே பாருங்கள்

கிணற்றில் நீச்சல் பழக்குகிறவர்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவதற்கு முன்பு, நாலு நாள் மேட்டில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள். அதைச் செய்யுங்கள். நன்றாகச் செய்கிற ஒருவர், சுமாராகச் செய்கிற ஒருவர், வேறு நிறுவனத்துக்காரர் ஒருவர் என்று மூன்று பேரிடம் அனுமதி கேட்டு, மூலையில் ஒரு நோட்டோடு உட்காருங்கள்.

எழுத வேண்டியது பேசப்பட்ட விஷயத்தை இல்லை. அது எப்படியும் ஃபைலில் இருக்கும். யார் எத்தனை நிமிடம் பேசினார்கள், எந்த இடத்தில் போன் வெளியே வந்தது, யார் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை, எத்தனை மணிக்கு யார் எழுந்து போனார்கள் என்று எழுதுங்கள். இடது ஓரத்தில் நேரம், பக்கத்தில் நடந்தது. அவ்வளவுதான்.

நான் இப்படிப் பார்த்ததில் மறக்க முடியாதவர் ஒரு பெரியவர். புதுக்கோட்டைப் பக்கம், 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவர். கூட்டம் நான்கு மணிக்கு என்றால் மூன்றேகாலுக்கே வந்துவிடுவார். வந்ததும் விளக்குமாறைத் தேடுவார். முன்னாடி வந்த இரண்டு பையன்கள் வெட்கப்பட்டு வாங்கிப் பெருக்குவார்கள், இவர் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார். எண்ணிப் போட்டு, மிச்சம் இருப்பதை வெளியே கொண்டுபோய் அடுக்கிவிடுவார். காலி நாற்காலி இருந்தால் பின்னால் நகர்ந்து உட்கார இடம் கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. டீ முடிவில் வராது, தொடக்கத்திலேயே வந்துவிடும். நான்கு மணிக்கு அவர் "ஆரம்பிக்கலாமா" என்று கேட்கும்போது, பாதிக் கூட்டம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். இது எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

4. முக்கால் மணி நேரம், ஒரே ஒரு விஷயம்

இப்போது நீங்களே ஒன்று நடத்தலாம். முழுநாள் பட்டறை எல்லாம் வேண்டாம். 45 நிமிடம், 15 முதல் 20 பேர்.

தலைப்பைவிட இடம் முக்கியம். தமிழ்நாட்டில் ஒரு கூட்டத்தை எங்கே வைக்கிறோம் என்பதே யார் வருவார்கள் என்பதை முடிவு செய்துவிடும். கோயில் மண்டபத்தில் வைத்தால் ஒரு தெரு வராது. காலனியில் வைத்தால் இன்னொரு தெரு வராது; கேட்டால் "வேலை இருந்துச்சு அக்கா" என்பார்கள். பள்ளிக்கூடம், நூலகம், ஊராட்சி மன்றக் கட்டடம் மாதிரியான இடங்களில் தொடங்குங்கள். வந்தவர்களின் மணிக்கட்டையும் கவனியுங்கள். எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்பது உள்ளூர்ப் பையன்களுக்குப் பாடம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளையும் தடுக்கச் சொன்னது. முதல் நாளே கயிற்றைக் கழற்றச் சொல்லி உபதேசம் செய்யாதீர்கள். கழற்றுவார்கள், வெளியே போய்க் கட்டிக்கொள்வார்கள். ஆனால் குழு பிரிக்கும்போது ஒரே நிறம் ஒரே பக்கம் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். எண் சொல்லிப் பிரியுங்கள், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று. "பிடிச்சவங்களோட சேர்ந்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நேரம். பெண்கள் வர வேண்டும் என்றால் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் கடைசி பஸ் நேரத்தையும் முதலில் கேளுங்கள். இதைக் கேட்காமல் கூட்டம் போட்டுவிட்டு, "பெண்கள் பங்கேற்பு குறைவு" என்று ரிப்போர்ட் எழுதுவது நம் துறையின் பழைய பழக்கம்.

விளையாட்டு. தொடக்கத்தில் ஒரு விளையாட்டு வைப்பது நல்லதுதான். ஆனால் தோற்றவர் நடுவில் வந்து ஆட வேண்டும், பாட வேண்டும் என்று தண்டனை வைப்பதை நிறுத்துங்கள். கூச்சப்படும் பிள்ளை அடுத்த வாரம் வரமாட்டாள், காரணமும் சொல்லமாட்டாள். ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் கைகோர்த்து விளையாடும் விளையாட்டையும் முதல் நாளில் தவிர்த்துவிடுங்கள். தகவல் நீங்கள் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய்விடும்.

சரி, என்ன நடத்துவது? நான் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பயிற்சி ஊர் வரைபடம். செலவு, இரண்டு பாக்கெட் கோலப்பொடியும் கொஞ்சம் சுண்ணக்கட்டியும். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் தங்கள் ஊரை வரையட்டும். வரைந்து முடித்ததும், பயமில்லாமல் போய்வரும் இடத்தில் பச்சை இலை, தயங்கும் இடத்தில் செங்கல் துண்டு வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு குழுவும் அடுத்தவர் வரைபடத்தைச் சுற்றிப் பார்க்கட்டும்.

ஒருமுறை இப்படிச் செய்தபோது, பையன்களின் படத்தில் பஸ் ஸ்டாப்பைச் சுற்றி ஏழெட்டு வேப்பிலை. பெண்கள் படத்தில் அதே பஸ் ஸ்டாப்பில் ஐந்து செங்கல் துண்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. பையன்கள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவன் மெதுவாக, "அங்க நாங்கதான உக்காந்திருப்போம்" என்றான். அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பயிற்சிக்குள் ஒரு அமைப்பு ஒளிந்திருக்கிறது. டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984-இல் விரித்து எழுதிய அனுபவவழிக் கற்றல் சுழற்சி அது: முதலில் ஒன்றைச் செய்வது, பிறகு என்ன நடந்தது என்று திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு பொதுவான புரிதலுக்கு வருவது, அதை வைத்து அடுத்து ஒன்றைச் செய்துபார்ப்பது. புதியவர்கள் முதல் கட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள். விளையாட்டு நடக்கும், சிரிப்பார்கள், கை தட்டல், முடிந்தது. 45 நிமிடத்தில் செய்வதற்கு 20, பேசுவதற்கு 25 என்று வையுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே மூன்று: என்ன பார்த்தீங்க? ஏன் அப்படி இருக்கு? நாம என்ன செய்யலாம்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வர நேரமாகும். மௌனம் வந்தால் நீங்கள் பேசி நிரப்பாமல் மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். அதுதான் இந்த வேலையிலேயே கடினமான பயிற்சி.

5. இப்போது கோர்ஸ்

ஏழெட்டுக் கூட்டம் நடத்தியபின் உங்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். ஒரு பையன் திடீரென்று அழுதால் என்ன செய்வது? பேசாதவர்களை எப்படிப் பேச வைப்பது? திட்டம் எழுதுவது எப்படி? இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கோர்ஸ் தேடுங்கள்.

முழுநேரமாக இரண்டு வருடம் படிக்க வசதி இருந்தால் எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலைப் படிப்பு. அதன் பலம் வகுப்பில் இல்லை, களப்பணியில்தான். பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் களத்துக்கு அனுப்பி, போய்வந்து எழுதிய குறிப்பை ஆசிரியர் ஒருவர் தனியாக உட்காரவைத்து விவாதிப்பார். சேர்வதற்கு முன் சீனியர் மாணவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "உங்க ரிப்போர்ட்டை சார் படிப்பாரா, கையெழுத்து மட்டும் போடுவாரா?" கல்லூரியின் பெயரைவிட இந்தப் பதில் முக்கியம். சென்னையில் 1952 முதல் நடந்துவரும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இந்தப் படிப்பில் பழையது. வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்பினால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் எம்எஸ்டபிள்யூ இருக்கிறது. அதிலும் களப்பணியைத் தட்டிக்கழிக்க முடியாது.

இளைஞர் மேம்பாடு என்றே தனியாக ஒரு நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம், 1993-இல் தொடங்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. முதுகலைப் படிப்புகளும், களப்பணியாளர்களுக்கும் இளைஞர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறார்கள். படிப்புகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அவர்களுடைய இணையதளத்தையே பாருங்கள், தெரிந்தவர் சொன்னதை நம்பாதீர்கள்.

என்எஸ்எஸ் திட்ட அலுவலராகப் பொறுப்பு ஏற்றவர்களுக்கு இதற்கென்று அங்கீகரித்த மையங்களில் புத்தாக்கப் பயிற்சி உண்டு. 1969-இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் இது. மாணவர் ஒருவர் வருடத்துக்கு 120 மணி நேரம் என்று இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. பயிற்சிக்குக் கூப்பிடும் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளரிடம் நீங்களே கேளுங்கள். பயிற்சி இல்லாமலே இரண்டு முகாம் நடத்தி முடித்த பேராசிரியர்களை எனக்குத் தெரியும், நன்றாகவே நடத்தினார்கள். மூன்றாவது முகாமில் ஒரு மாணவனுக்கு வலிப்பு வந்தபோதுதான் தங்களுக்கு எது தெரியாது என்று தெரிந்தது. முதலுதவிப் பயிற்சியை எதோடும் சேர்க்காமல் தனியாக, கட்டாயமாக எடுத்துவிடுங்கள்.

பணம் இல்லாவிட்டால் இணையத்தில் இலவசமாகவே நிறைய இருக்கிறது. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். யுனிசெஃபின் அகோரா தளத்தில் குழந்தைப் பாதுகாப்பு, வளரிளம் பருவத்தினர் பற்றிய பாடங்கள் உண்டு. ஆங்கிலம்தான் தடை. இரண்டு பேராகச் சேர்ந்து படியுங்கள், ஒருவர் வாசிக்க இன்னொருவர் தமிழில் குறிப்பெடுக்க வேண்டும். நாங்கள் இப்படித்தான் ஒன்றை முடித்தோம், இரண்டு மாதம் ஆனது.

வாழ்க்கைத் திறன் கல்வி என்ற சொல்லை எல்லாப் பயிற்சியிலும் கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் தொகுத்த பத்துத் திறன்கள்தான் அதற்கு அடிப்படை: தன்னை அறிதல், பிறர் உணர்வை உணர்தல், ஆய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், தெளிவாகப் பேசுதல், உறவு பேணுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல். பத்தையும் ஒரே நாளில் முடிக்கும் பயிற்சி என்றால் போகாதீர்கள். ஒரு திறனுக்கு அரை நாள் ஒதுக்கினால்கூட அதிகமில்லை.

இன்னொரு எச்சரிக்கை. "ஒரே வாரத்தில் சான்றிதழ் பெற்ற கவுன்சலர்" என்று விளம்பரம் வரும். நானும் ஒன்றில் பணம் கட்டியிருக்கிறேன். மூன்று வீடியோ, ஒரு தேர்வு, பளபளவென்று ஒரு சான்றிதழ். அது சட்டகத்துக்குள் அழகாகத்தான் இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். இளைஞர் பணியாளர் செய்ய வேண்டியது ஆலோசனை சிகிச்சை இல்லை, முதல் உதவி. உலக சுகாதார நிறுவனமும் வேறு இரண்டு அமைப்புகளும் 2011-இல் களப்பணியாளர்களுக்கென்று வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் அதற்கு மூன்றே சொற்கள்: பார், கேள், இணை. ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பது. வற்புறுத்தாமல் கேட்பது. சரியான இடத்தோடு இணைத்துவிடுவது. இணைப்பதற்கு 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை உங்கள் போனில் சேமிப்பதோடு நிறுத்தாமல், ஒருமுறை நீங்களே அழைத்துப் பேசிப் பாருங்கள். அப்போதுதான் "எப்படி இருக்கும்?" என்று ஒரு பையன் கேட்டால் பதில் சொல்ல முடியும்.

6. பயிற்சியில் இருந்து திரும்பிய மறுவாரம்

பயிற்சி நடக்கும் இடத்தில் நல்ல சாப்பாடு, நல்ல நண்பர்கள், கடைசி நாள் குரூப் போட்டோ, கண்ணீர். எல்லாம் சரி. ஊருக்கு வந்ததும் பை ஒரு மூலைக்குப் போய்விடும். அதற்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான்: பயிற்சிக்குப் போகும் முன்பே, திரும்பி வந்த ஏழாவது நாளில் ஒரு கூட்டத்துக்குத் தேதி குறித்து, பிள்ளைகளிடமும் சொல்லிவிடுவது. என்ன நடத்துவது என்று தெரியாமல் இருக்கட்டும், பரவாயில்லை. அந்தத் தேதி கழுத்தில் தொங்கினால் பயிற்சியில் உட்காரும் விதமே மாறும். எல்லாவற்றையும் எழுத மாட்டீர்கள், அந்த ஒன்றுக்கு வேண்டியதைத் துரத்திக் கேட்பீர்கள்.

வேலைக்கான நேர்காணலிலேயே "வருஷத்துக்குப் பயிற்சிக்கு எத்தனை நாள் விடுவீங்க, செலவு யாருது?" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். அதை எழுத்தில் கொடுக்கத் தயங்கும் நிறுவனத்தில் பிறகு கேட்டாலும் கிடைக்காது.

7. அலங்காரமா, பங்கேற்பா

இதைப் பயிற்சியில் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடுவார்கள், எனக்கு இதுதான் வேலையின் பாதி. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வரைந்தார். அடியில் இருக்கும் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை: ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு வைப்பது, பெயருக்கு ஒருவரைச் சேர்ப்பது. வெயிலில் பதாகை பிடிக்க வைத்து நாம் நடத்தும் விழிப்புணர்வுப் பேரணிகள் எந்தப் படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே வருடத்தில் மேல் படிக்கு ஏறிவிட முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். அடுத்த கூட்டத்தின் தேதியையும் நேரத்தையும் அவர்களே முடிவு செய்யட்டும். அப்புறம் தலைப்பு. அப்புறம் டீ செலவுக் கணக்கு. கணக்கு நோட்டு ஒரு 17 வயதுப் பெண்ணின் கைக்குப் போன மாதத்தில் எங்கள் மன்றத்தில் டீ செலவு குறைந்தது. சண்டையும் கொஞ்சம் கூடியது.

8. உங்களைப் பார்க்க ஒருவர்

மேலாளர் வந்து பதிவேட்டைப் பார்ப்பது மேற்பார்வை என்று நம் பக்கம் நினைக்கிறோம். எனக்கு வேண்டியிருந்தது வேறு: மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், என்னை எது உறுத்துகிறது என்று சொல்லக்கூடிய இடம். நிறுவனம் அதை ஏற்பாடு செய்து கொடுத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் வேறு வேறு இடங்களில் வேலை செய்யும் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து நீங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும். டீக்கடையில் வேண்டாம், யார் வீட்டிலாவது. பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் சொல்லாமல் பேசுவது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஒருவர் தன் சிக்கலைச் சொல்லும்போது மற்றவர்கள் பத்து நிமிடத்துக்கு அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கலாம். எங்கள் குழுவில் இந்த விதியை மீறியவர் அடுத்த மாதம் வடை வாங்கி வர வேண்டும். பெரும்பாலும் நான்தான் வாங்கினேன்.

கூடவே ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்கள் பின்னால் இருக்கட்டும். முன்னால், நடத்திய கூட்டங்களில் இருந்து ஒரு பக்கக் குறிப்புகள்: தேதி, எத்தனை பேர், என்ன செய்தோம், எது சொதப்பியது, அடுத்த முறை என்ன மாற்றுவேன். அடுத்த வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போது, சொதப்பிய பக்கங்களைக் காட்டித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

வருடம் முடியும்போது, உங்களுக்குப் பின்னால் வந்த ஒருவரை உங்கள் கூட்டத்தின் மூலையில் நோட்டோடு உட்காரச் சொல்லுங்கள். என் கூட்டத்துக்குப் போன மாதம் அப்படி ஒரு பெண் வந்தாள், வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் போனபிறகு நோட்டைக் கேட்டேன். கொடுக்கத் தயங்கினாள். வாங்கிப் பார்த்தால் இடது ஓரத்தில் நேரம், பக்கத்தில் குண்டு குண்டான எழுத்து: "11.10 முதல் 11.32 வரை அக்கா மட்டும் பேசினார். 11.20-க்கு ஜன்னல் ஓரத்துப் பையன் தூங்கிவிட்டான்."